கடற்கொள்ளையர் வரலாறு: எந்த ஆதாரத்தை முதலில் கையில் எடுப்பது?

வரலாற்றை நடித்துக் காட்டும் நிகழ்ச்சிக்காக, 1718இல் பஹாமாஸின் நசாவ் துறைமுகத்தில் திரிந்த ஒரு கடற்கொள்ளையனாக வேடம் கட்ட வேண்டும். சட்டைக்கு என்ன துணி? காலில் என்ன? கையில் என்ன கருவி, தட்டில் என்ன சாப்பாடு? இதற்கு விடை தேடுகிறவர் முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன. அந்தக் காலத்திலேயே அச்சான புத்தகங்கள், வழக்குப் பதிவுகள், போர்க்கப்பல் நாட்குறிப்புகளும் ஆளுநர்களின் கடிதங்களும், கடலடியில் கிடைத்த கப்பல்கள், கடைசியாகப் படங்களும் துணிக் கொள்முதல் ஒப்பந்தங்களும். அனைத்தையும் படித்து முடிக்க ஓர் ஆயுள் போதாது. பெரும்பாலோர் புத்தகத்தில் தொடங்குகிறார்கள், அங்கேயே நின்றும் விடுகிறார்கள். வழக்குப் பதிவில் தொடங்குவதே நல்லது என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஆண்டு, பிறகுதான் ஆதாரம்

கடற்கொள்ளையர் காலம் என்று பொதுவாகச் சொல்வது சுமார் 1650 முதல் 1730 வரை நீள்கிறது. 1670இல் கொள்ளைத் தலைவர் ஹென்றி மோர்கனோடு ஜமைக்காவின் போர்ட் ராயலில் இருந்து கிளம்பியவனுக்கும் 1720இல் இன்னொரு தலைவரான பார்த்தலோமியு ராபர்ட்ஸின் கப்பலில் இருந்தவனுக்கும் தாத்தா பேரன் இடைவெளி. ஆண்டை முடிவு செய்யாமல் பொருள் வாங்க ஆரம்பித்தால் தாத்தாவின் தொப்பியும் பேரனின் துப்பாக்கியும் ஒரே உடம்பில் ஏறும்.

களிமண் புகைக்குழாயையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தண்டுத் துளை காலப்போக்கில் குறுகிக்கொண்டே வந்தது. தொல்லியலாளர் ஜே. சி. ஹாரிங்டன் 1954இல் வெளியிட்ட அளவுகோலின்படி 1650 முதல் 1680 வரை பெரும்பாலும் 7/64 அங்குலம், 1710 முதல் 1750 வரை 5/64 அங்குலம். குழாயின் கிண்ணமும் அதே காலத்தில் பெரிதானது. ஆகவே ராபர்ட்ஸ் காலத்து வேடத்துக்குச் சின்னக் கிண்ணக் குழாய் பொருந்தாது.

அடிக்கடி நடக்கும் ஆண்டுப் பிழைகள் இன்னும் சில. தண்ணீர் கலந்த ரம்மான ‘கிராக்’ 1740இல் அட்மிரல் எட்வர்ட் வெர்னன் உத்தரவால் வந்தது. சூரியன், நட்சத்திரங்களின் உயரக் கோணத்தை அளக்கும் ஆக்டன்ட் கருவி 1731இல்தான் அறிமுகமானது, அதே வேலைக்கான செக்ஸ்டன்ட் அதற்கும் பிந்தியது. 1718இல் சூரிய உயரம் அளக்க மாலுமியின் கையில் இருந்தது, வெயிலுக்கு முதுகு காட்டி நின்று பார்க்கும் பேக்ஸ்டாஃப். சுக்கான் சக்கரம் அப்போதுதான் பெரிய கப்பல்களில் வரத் தொடங்கியிருந்தது. கொள்ளையர் மிகவும் விரும்பிய சிறு ஸ்லூப் வகைக் கப்பலைத் திருப்பியது சுக்கான் கைப்பிடிதான்.

அச்சுப் புத்தகம்: சுலபம், சுவை, ஆபத்து

இரண்டு புத்தகங்கள் எல்லோர் கையிலும் இருக்கும். ஒன்று, கொள்ளையரோடு மருத்துவராகப் போன எக்ஸ்க்வமெலின் 1678இல் ஆம்ஸ்டர்டாமில் டச்சு மொழியில் வெளியிட்டது. மற்றொன்று, ‘கேப்டன் சார்லஸ் ஜான்சன்’ என்ற பெயரில் 1724இல் லண்டனில் வெளியான ‘எ ஜெனரல் ஹிஸ்டரி ஆஃப் தி பைரேட்ஸ்’. இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு வாரத்தில் படித்துவிடலாம்.

எக்ஸ்க்வமெலின் நேரில் பார்த்தவர், அதனால் அவர் தரும் நடைமுறைத் தகவல்களுக்கு மதிப்பு உண்டு. வலது கை போனால் 600 ஸ்பானிய வெள்ளிக்காசு, இடது கைக்கு 500, ஒரு கண்ணுக்கு 100 என்ற இழப்பீட்டுப் பட்டியல் அவர் தந்ததே. சிக்கல் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. 1681இல் ஸ்பானியத்துக்குப் போனது, அந்த ஸ்பானியத்திலிருந்து 1684இல் ஆங்கிலத்துக்கு வந்தது. ஸ்பானியர் பார்வையில் மோர்கன் கொடியவன், அந்தச் சாயம் ஆங்கிலத்திலும் ஒட்டிக்கொண்டது. மோர்கன் லண்டன் பதிப்பாளர்கள் மீது அவதூறு வழக்குப் போட்டு இழப்பீடும் வாங்கினார். ஆங்கிலப் பதிப்பை மட்டும் வைத்து மோர்கனின் கொடுமைகளை எழுதுகிறவர் இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஜான்சன் புத்தகம் வேறு மாதிரி. அதில் எது உண்மை எது கற்பனை என்பது அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறும். ராபர்ட்ஸின் ஆட்களைப் பற்றிய பகுதி 1722இல் ஆப்பிரிக்கக் கரையின் கேப் கோஸ்ட் கோட்டையில் நடந்த வழக்கோடு நன்றாகப் பொருந்துகிறது. 1728இல் வந்த இரண்டாம் தொகுதியின் கேப்டன் மிஸ்ஸனும் மடகாஸ்கரில் அவர் நிறுவியதாகச் சொல்லும் ‘லிபர்டாலியா’ குடியரசும் முழுக் கற்பனை. பெண் கொள்ளையர்களான மேரி ரீட், ஆன் போனி இருவரின் பிள்ளைப்பருவக் கதைகளுக்கும் இந்தப் புத்தகத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. அட்டையில் டானியல் டீஃபோ பெயர் போட்ட பதிப்பு கையில் இருந்தால், அந்தப் பெயர் 1932இல் ஒரு ஆய்வாளர் சொன்ன ஊகம், 1988இல் வேறு இருவர் அதை வலுவாக மறுத்துவிட்டார்கள் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

ஆகவே இந்தப் புத்தகங்களைப் பெயர், ஊர், ஆண்டு தேடும் கைகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். உரையாடல் வரும் பக்கங்களை ஆதாரமாக எடுக்க வேண்டாம்.

வழக்குப் பதிவு: ஏன் இதுவே முதல்

1700க்கு முன்பு, பிடிபட்ட கொள்ளையரை விசாரணைக்கு இங்கிலாந்துக்கே அனுப்ப வேண்டியிருந்தது. 1700இல் வந்த சட்டம் குடியேற்றங்களிலேயே, ஜூரி இல்லாமல், ஆணையர் குழு வைத்து விசாரிக்க வழி செய்தது. அதனால்தான் நமக்கு வேண்டிய காலத்துப் பதிவுகள் பாஸ்டன், சார்ல்ஸ்டன், ஜமைக்கா, கேப் கோஸ்ட் என்று நாலா பக்கமும் சிதறிக் கிடக்கின்றன. மூலங்கள் பல லண்டன் அருகே க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. கடல்துறை நீதிமன்றக் கோப்புகளுக்கு எச்.சி.ஏ. 1, ஜமைக்கா கடிதங்களுக்கு சி.ஓ. 137, வட அமெரிக்காவுக்கு சி.ஓ. 5 என்ற வரிசைகளைத் தேட வேண்டும். வாசகர் அட்டை இலவசம், சொந்தக் கேமராவில் படம் எடுக்கலாம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு அச்சான வழக்குகளே போதுமான தொடக்கம். கொள்ளைத் தலைவர்களான ஸ்டீட் பானெட்டின் வழக்கு 1719இல் லண்டனிலும், ஜாக் ரேக்கமின் வழக்கு 1721இல் ஜமைக்காவிலும் அச்சானது.

வழக்கில் எல்லோரும் பொய் சொல்வார்களே என்று கேட்கலாம். சொல்வார்கள்தான். ‘என்னைக் கட்டாயப்படுத்திச் சேர்த்தார்கள்’ என்பது குற்றவாளிக் கூண்டில் நின்ற ஏறக்குறைய ஒவ்வொருவரின் வாதம். அதில் உயிர் தொங்கிக்கொண்டிருந்ததால் அந்த வாக்கியத்தை நம்பக்கூடாது. ஆனால் யார் எந்தத் துணி உடுத்தியிருந்தார், எந்தக் கப்பல்பாயைக் கழற்றிக்கொண்டு போனார்கள், எத்தனை பீப்பாய் எடுத்தார்கள் என்பதில் பொய் சொல்ல எவருக்கும் காரணம் இல்லை. வேடம் கட்டுகிறவருக்கு வேண்டியது அந்தச் சில்லறை விவரம்தான்.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 1720 நவம்பரில் ஜமைக்காவில் ரேக்கமின் கூட்டாளிகளான ஆன் போனி, மேரி ரீட் மீது நடந்த விசாரணை. ரேக்கம் வழக்கு அச்சான நூலிலேயே இதுவும் இருக்கிறது. படகில் போகும்போது கொள்ளையரிடம் அகப்பட்ட டாரதி தாமஸ் என்ற பெண் சாட்சி சொன்னாள்: இருவரும் ஆண்களின் மேல்சட்டையும் நீண்ட கால்சட்டையும் அணிந்திருந்தார்கள், தலையில் கைக்குட்டை கட்டியிருந்தார்கள், கையில் வெட்டுக்கத்தியும் கைத்துப்பாக்கியும் இருந்தன. அதே வழக்கில் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், துரத்தும்போது மட்டும் அவர்கள் ஆண் உடை அணிந்தார்கள், மற்ற நேரம் பெண் உடைதான் என்றார்கள். இரண்டே பத்தி. வேடம் கட்டுகிறவர்கள் கோடை முழுக்க வாதாடிக்கொண்டிருக்கும் கேள்விகளில் பாதிக்கு அதில் விடை இருக்கிறது.

இந்த ஆதாரத்துக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. நீதிமன்றம் யாரை விசாரித்ததோ அவர்கள் பேச்சுதான் பதிவாகியது. 1722 கேப் கோஸ்ட் விசாரணையில் 52 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ராபர்ட்ஸின் கப்பல்களில் இருந்த ஆப்பிரிக்கர்களை விசாரிக்கவே இல்லை, அடிமைகளாக விற்றுவிட்டார்கள். அவர்கள் என்ன வேலை செய்தார்கள், என்ன உடுத்தினார்கள், எதற்காக அந்தக் கப்பலில் இருந்தார்கள் என்று அவர்கள் வாயால் சொன்ன ஒரு வரி இல்லை. கொள்ளைக் கப்பலை நடித்துக் காட்டும் எந்தக் குழுவும் இந்த வெற்றிடத்தைப் பார்வையாளர்களிடம் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு தொல்லை தேதி. 1752 வரை இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ராபர்ட்ஸ் இறந்தது நம் கணக்கில் 1722 பிப்ரவரி 10, அன்றைய தாளில் 1721. கூடவே ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியையும் பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் புதியதையும் வைத்திருந்ததால், 1700க்குப் பிறகு ஒரே சம்பவம் 11 நாள் இடைவெளியில் இரண்டு தேதிகளில் வரும். இரண்டு வேறு சம்பவம் என்று நினைத்து எழுதிவிடாமல் இருக்க, குறிப்பெடுக்கும்போதே இரண்டு தேதிகளையும் எழுதுவது பாதுகாப்பு.

போர்க்கப்பல் நாட்குறிப்பு

தளபதியின் நாட்குறிப்பு ஏ.டி.எம். 51 வரிசையிலும் கப்பலுக்கு வழி பார்க்கும் அதிகாரியான மாஸ்டரின் நாட்குறிப்பு ஏ.டி.எம். 52 வரிசையிலும் கிடைக்கும். பெரும்பாலும் காற்று, திசை, தூரம், நங்கூரம் போட்ட இடம். உடைக்கும் உணவுக்கும் இதில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு துரத்தல் எத்தனை மணி நேரம் நடந்தது, எந்தப் பாய் கிழிந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. மண்டையோடு, குறுக்கே எலும்புகள், மணற்கடிகாரம் கொண்ட கறுப்புக் கொடி 1700இல் எமானுவேல் வின் என்ற கொள்ளையரின் கப்பலில் பறந்தது நமக்குத் தெரிவதே, கேப் வெர்டே தீவுகளருகே அவரைத் துரத்திய ‘பூல்’ என்ற போர்க்கப்பலின் தளபதி எழுதியதால்தான். இதற்கு மாறாக, ‘பிளாக்பியர்டின் கொடி’ என்று இன்று விற்கும் கொம்பு வைத்த எலும்புக்கூட்டுக்கு, 1718இல் இறந்த அந்தக் கொள்ளைத் தலைவரின் காலத்து ஆதாரம் எதுவும் கிடையாது.

படிக்கும்போது ஒன்றில் கவனம் வேண்டும்: கப்பல் நாள் நண்பகலில் தொடங்கியது. கரையில் திங்கள் பிற்பகல் நடந்தது கப்பல் ஏட்டில் செவ்வாய்க் கணக்கில் ஏறும்.

கடலடியில் கிடைத்தவை

தொட்டுப் பார்க்கக்கூடிய ஆதாரம் இது ஒன்றுதான். 1717 ஏப்ரல் 26 இரவு அமெரிக்காவின் கேப் காட் கரையருகே கொள்ளைத் தலைவர் சாம் பெல்லமியின் ‘விடா’ கப்பல் புயலில் மூழ்கியது. 1984இல் பாரி கிளிஃபர்ட் அதைக் கண்டுபிடித்தார், மறு ஆண்டு கப்பலின் பெயர் பொறித்த மணியும் வந்தது. பிளாக்பியர்டின் ‘குயீன் ஆன்ஸ் ரிவெஞ்ச்’ 1718 ஜூனில் வட கரோலைனாவின் போஃபர்ட் முகத்துவாரத்தில் தரை தட்டியது, 1996 நவம்பரில் கிடைத்தது. அதற்கு முந்திய தலைமுறைக்கு 1692 ஜூன் 7 நிலநடுக்கத்தில் கடலுக்குள் போன போர்ட் ராயல் நகரமே இருக்கிறது. தட்டு, பாட்டில், புகைக்குழாய் எல்லாம் விழுந்த இடத்திலேயே கிடைத்தன.

காகிதமும் கடலடிப் பொருளும் கைகோத்துக்கொள்ளும் இடம்தான் அருமையானது. 1718 மே மாதம் பிளாக்பியர்ட் சார்ல்ஸ்டன் துறைமுகத்தையே மறித்துக்கொண்டு கேட்டது ஒரு மருந்துப் பெட்டி. கதை மாதிரி இருக்கும். ஆனால் சில வாரத்தில் தரை தட்டிய அவர் கப்பலில் கிடைத்தவற்றில் பாதரசத் தடம் உள்ள சிறுநீர்வழிப் பீச்சாங்குழலும் இருந்தது. பால்வினை நோய்க்கு அன்று பாதரசம்தான் மருந்து. அதே கப்பலின் பீரங்கி மருந்தறை ஒன்றில் ஈரச் சகதிக்குள் அடைபட்டிருந்த காகிதத் துணுக்குகள், எட்வர்ட் குக் 1712இல் எழுதிய தென்கடல் பயண நூலின் பக்கங்கள் என்று தெரிந்தது. கொள்ளைக் கப்பலில் புத்தகம் இருந்தது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

குறையும் சொல்ல வேண்டும். கடல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்திருப்பதில்லை. இரும்பு துருவோடு மணல் சேர்ந்து பாறைபோல் இறுகி உள்ளிருப்பதைக் காக்கும். பித்தளை, ஈயம், பீங்கான் நிற்கும். துணி, கயிறு, தோல், ரொட்டி பெரும்பாலும் அழியும். எனவே கடலடியை மட்டும் நம்பினால் கொள்ளையன் ஆயுதத்தோடு மட்டுமே வாழ்ந்தான் என்று தோன்றும். அதோடு ‘விடா’, ‘குயீன் ஆன்ஸ் ரிவெஞ்ச்’ இரண்டும் அடிமை வணிகக் கப்பல்களாக இருந்து பிடிபட்டவை. அங்கே கிடைத்த ஒரு பொருள் கொள்ளையனுடையதா, முந்திய வணிகனின் சரக்கா என்ற கேள்வியைக் கேட்காமல் நகல் செய்யக்கூடாது.

படமும் ஒப்பந்தமும்

படங்களை விரைவாகத் தாண்டிவிடலாம். பிளாக்பியர்ட் 1718 நவம்பர் 22இல் இறந்தார். ஜான்சன் புத்தகத்தின் படங்கள் ஆறு ஆண்டு கழித்து லண்டனில் செதுக்கப்பட்டவை, ஒரு படத்தில் மென்மயிர்த் தொப்பி, இன்னொன்றில் மடித்த விளிம்புத் தொப்பி. செதுக்கியவர் ஆளைப் பார்த்தவர் இல்லை. இன்று எல்லோரும் கட்டும் அகலமான இடுப்புத்துணி ஹோவர்ட் பைல் போன்ற 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஓவியர்களிடமிருந்து வந்தது.

உடைக்கு உண்மையான புதையல் 1706இல் ஆங்கிலேயக் கடற்படை போட்ட துணி ஒப்பந்தம். சாம்பல் நிறக் கம்பளி மேல்சட்டை, உள்ளே சிவப்பு அகத்துணி, 15 பித்தளைப் பொத்தான். சிவப்புக் கம்பளி இடைச்சட்டை, 18 பித்தளைப் பொத்தான். தோல் பைகள் வைத்த அரைக்கால்சட்டை. நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட லினன் சட்டை. சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை. இது கடற்படைக்கானது, கொள்ளையருக்கு எப்படிப் பொருந்தும்? ஸ்பானிய வாரிசுப் போர் 1713இல் ஓய்ந்ததும் வேலை இழந்த மாலுமிகள் ஆயிரக்கணக்கில் கரையில் நின்றார்கள். நசாவில் கூடிய கூட்டத்தில் பலர் அவர்கள்தான். கொள்ளையனின் உடை முதலில் மாலுமியின் உடை.

சட்டையைச் சொந்தமாகத் தைக்க 150 செ.மீ. அகல லினன் சுமார் 2.5 மீட்டர் வேண்டும். எல்லாத் துண்டும் நீள்சதுரமும் சதுரமும்தான், வளைவு வெட்டு கிடையாது. அக்குளில் சுமார் 15 செ.மீ. சதுரத் துண்டு வைப்பதை மட்டும் விடக்கூடாது. விட்டால் கயிறு இழுக்கக் கை தூக்கிய முதல் தடவையே தோள் கிழியும். முழங்கால் தாண்டும் தோல் பூட்ஸ் குதிரை ஏறுகிறவருக்கானது, நனைந்த தளத்தில் வழுக்கும். வட்ட முனை கொண்ட குட்டை ஷூ போதும்.

காகிதத்தில் கிடைக்காதது

சில விஷயம் செய்து பார்த்தால்தான் புரியும். வேகம் அளக்கும் முடிச்சுக் கயிறு அப்படி ஒன்று. கால்வட்ட மரத்துண்டின் வளைந்த ஓரத்தில் ஈயம் பதித்து, செங்குத்தாக மிதக்கும்படி கயிற்றில் கட்டிக் கடலில் விட வேண்டும். மணற்கடிகாரம் தீரும்வரை எத்தனை முடிச்சு கையைத் தாண்டியது என்று எண்ண வேண்டும். நகல் செய்கிறவர்கள் வழக்கமாக 28 வினாடிக் கடிகாரத்துக்கான 47 அடி 3 அங்குல இடைவெளியைப் போட்டுவிட்டு 30 வினாடிக் கடிகாரத்தை வைக்கிறார்கள். அப்போது அளவு 7 சதவீதம் கூடுதலாகக் காட்டும். 1700களின் தொடக்கத்தில் பலர் வைத்திருந்தது 42 அடி, அதாவது 7 பாகம், 30 வினாடி. மைலுக்கு 5000 அடி என்ற பழைய கணக்கு அது. உண்மையில் 5 நாட் (மணிக்கு 5 கடல்மைல்) போகும் கப்பல் அதில் 6 காட்டும். கரை எதிர்பார்த்ததற்கு முன்பே வந்துவிடுவதைவிடத் தாமதமாக வருவது மேல் என்பதால் மாலுமிகள் அந்தப் பிழையைப் பொறுத்துக்கொண்டார்கள். முடிச்சு போடும் முன் கயிற்றை நனைத்து இழுத்துவிடுங்கள். நார்க்கயிறு ஈரத்தில் சுருங்கும்.

உணவுக்கு 1731ஆம் ஆண்டுக் கடற்படை விதி தரும் வாரப் பங்கு நல்ல அடித்தளம்: பிஸ்கட் 7 பவுண்டு, பியர் 7 காலன், மாட்டிறைச்சி 4 பவுண்டு, பன்றியிறைச்சி 2 பவுண்டு, பட்டாணி 2 பைன்ட், ஓட்ஸ் 3 பைன்ட், வெண்ணெய் 6 அவுன்ஸ், பாலாடைக்கட்டி 12 அவுன்ஸ். கொள்ளையர் பிடித்த கப்பலில் இருந்ததைத் தின்றார்கள், அந்தக் கப்பல்களில் இருந்ததும் ஏறக்குறைய இதுதான். பிஸ்கட்டுக்கு முழுக்கோதுமை மாவு 500 கிராம், தண்ணீர் 200 மி.லி., உப்பு வேண்டாம். 1 செ.மீ. கனத்துக்கு மேல் போகாமல் தட்டி, நெருக்கமாகத் துளையிட்டு, 150 டிகிரியில் 2 மணி நேரம் சுட்டு, அடுப்பை அணைத்து உள்ளேயே ஆறவிட வேண்டும். கனம் கூடினால் நடுவில் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும்.

யாருக்கு எது

ஒரு வார இறுதி மட்டும் கையில் இருந்தால் ரேக்கம் வழக்கும் 1706 ஒப்பந்தமும் போதும். இந்த இரண்டிலிருந்தே தவறில்லாத ஒரு மாலுமியை உருவாக்கிவிடலாம். மூன்று மாதம் இருந்தால் பானெட் வழக்கைச் சேர்த்து, ஜான்சன் புத்தகத்தை அதன் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எங்கே புத்தகம் மிகைப்படுத்துகிறது என்று கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். ஆயுதம், பாத்திரம், மருந்து செய்கிறவருக்குக் கடலடி அறிக்கைகள் முதலில். கப்பல் ஓட்டம், போர்க்காட்சி நடத்தும் குழுவுக்கு நாட்குறிப்பு முதலில். ஒரு தனிக் கொள்ளையனின் வாழ்க்கையை எழுத விரும்புகிறவர் மட்டும் க்யூவுக்குப் போகாமல் தப்பிக்க முடியாது.

எந்த வழியில் போனாலும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை எழுதி வையுங்கள்: பொருள், ஆண்டு, இடம், யார் சொன்னது, நேரில் கண்டாரா. ‘தலைத்துணி, 1720, ஜமைக்கா, டாரதி தாமஸ், நேரில் கண்டார்.’ அடுத்த அட்டை: ‘இடுப்புத்துணி, 19ஆம் நூற்றாண்டு, ஓவியர், நேரில் காணவில்லை.’ முதல் துணியைத் தலையில் கட்டிக்கொள்ளலாம், இரண்டாவதைப் பெட்டியில் மடித்து வைத்துவிடலாம்.